தம்பி விளையாட்டுச் செய்தியாளர் ஆகப் போகிறானாம், விடலாமா?

மல்லாவி அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்து வாசியுங்கள்.

என் தம்பி உயர்தரம் கலைப்பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தமிழ், புவியியல், தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் அவனுடைய பாடங்கள். போன கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம் அப்பாவிடம், தான் விளையாட்டுச் செய்தியாளர் ஆகப் போவதாகச் சொன்னான். அப்பா வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிறவர். "மட்ச் பார்க்கிறதுக்கு ஆர் சம்பளம் தருவினம்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. கல்வியியல் கல்லூரிக்குப் போட்டால் ஆசிரியர் ஆகலாம், ஓய்வூதியம் வரை பயமில்லை என்பது அவருடைய எண்ணம். எனக்கும் பாதி மனம் அந்தப் பக்கம்தான்.

மற்றப் பாதி மனத்துக்குக் காரணம் அவனுடைய சீ.ஆர். கொப்பிகள், அதாவது கெட்டி அட்டை போட்ட பெரிய கொப்பிகள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எங்கள் பக்கத்தில் நடக்கிற உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், மட்டையால் பந்தடிக்கிற எல்லே, பள்ளிக்கூடத்து இல்லங்களுக்கு இடையிலான மெய்வல்லுநர் போட்டி என்று எதற்குப் போனாலும் எழுதிக்கொண்டு வருவான். ஆறு கொப்பி நிறைந்துவிட்டது. நேற்று அவன் வெளியே போன நேரம் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு உதைபந்தாட்ட அரையிறுதி. எத்தனையாவது நிமிடத்தில் கோல் விழுந்தது, யார் உள்ளே போனது, யார் வெளியே வந்தது, மழை எப்போது தொடங்கியது என்பது வரை இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் "நடுவர் ஓவ்சைட் கொடுத்தது சரி, நான் நேர்கோட்டில் நின்றேன்" என்று எழுதியிருக்கிறான். இதை எழுது என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

இந்த வேலையைச் செய்கிறவர்கள், செய்துவிட்டு விட்டவர்கள், பிள்ளையை மறித்தவர்கள், யாராக இருந்தாலும் உள்ளதைச் சொல்லுங்கள். ஆறுதல் வார்த்தை வேண்டாம்.


பரந்தன் நிருபர்:

தங்கச்சி, நான் 14 வருடமாகப் பிரதேச நிருபர். அரசியல், விபத்து, யானை அடித்தது, குளம் வான் பாய்ந்தது எல்லாம் அனுப்புகிறேன். விளையாட்டு என் விருப்பம். உள்ளதைக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. வந்த செய்திக்குத்தான் காசு. அனுப்பிய செய்தி பக்கத்தில் வராவிட்டால் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி என்றால் பகல் 2 மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்க வேண்டும், பிரதம விருந்தினர் வந்து போட்டி தொடங்கவே 4 மணி ஆகும், பரிசு கொடுத்து முடிய இருட்டிவிடும். மைதானத்துக்கு வெளியே மதிலில் இருந்து போனிலேயே தட்டச்சுச் செய்து, படத்தைத் தெரிந்தெடுத்து, சிக்னல் கிடைக்கிற இடம் பார்த்து நடந்து அனுப்புவேன். மறுநாள் பார்த்தால் அரைப்பக்க விளம்பரம் ஒன்று வந்திருக்கும், என் இறுதிப்போட்டி நாலு வரியாகியிருக்கும். அந்த நாலு வரிக்குக் கிடைக்கிற காசு அன்றைய பெற்றோலுக்குக் காணாது.

அதனால்தான் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுச் செலவு கடையில் போகிறது. இதை மறைத்தால் உங்கள் தம்பிக்குப் பொய் சொன்னதாகிவிடும்.

ஆனால் விட மனமில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டிலும் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றிலும் எத்தனை மைதானத்தில் எத்தனை போட்டி நடக்கிறது! அதில் எத்தனைக்கு ஒருவர் கொப்பியோடு நிற்கிறார்? நான் போகாத மைதானத்தில் நடந்தது எங்கேயும் பதிவாகாது என்று தெரிந்துகொண்டு வீட்டில் படுக்க முடியவில்லை.


கணக்குச் சேர்:

நான் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். பிள்ளையின் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இப்போது ஒவ்வொரு கழகத்துக்கும் முகநூல் பக்கம் இருக்கிறது. போட்டியை நேரலையாகப் போடுகிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள் அந்த நிமிடமே பார்க்கிறார்கள். கோல் அடித்தவனின் படம் அரை மணித்தியாலத்தில் எல்லோர் போனிலும் வந்துவிடுகிறது. மறுநாள் பேப்பரில் வரும் நாலு வரியை யாருக்காக எழுதுவது? வருமானமும் இல்லை, வாசிப்பவரும் குறைகிறார்கள் என்றால் 19 வயதுப் பெடியனை அந்த வழியில் போகச் சொல்ல எனக்கு நா எழவில்லை. எங்கள் பிள்ளைகளின் குடும்பங்கள் இரண்டு மூன்று தரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்து மீண்டும் தொடங்கியவை. அந்தத் தகப்பன் பாதுகாப்பான தொழிலைத் தேடுவதில் பிழை இல்லை.


ஈட்டி:

சேர், நாலு வரியை யாருக்காக எழுதுவது என்று கேட்டீர்கள். எனக்காக ஒருவர் எழுதினார்.

சமாதான காலத்தில், 2003இல், ஈட்டி எறிதலில் மாகாண மட்டத்தில் இரண்டாம் இடம் எடுத்தேன். சான்றிதழும் பதக்கமும் ஒரு பைலில் இருந்தது. 2009இல் விசுவமடுவிலிருந்து வெளிக்கிட்டபோது அந்தப் பைலைத் தூக்கியதுதான் நினைவிருக்கிறது. எந்த இடத்தில் கைவிட்டேன் என்று இன்றுவரை தெரியாது. பங்கரிலா, ட்ராக்டர் பெட்டியிலா, தெரியாது.

பிறகு ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. விளையாட்டுத் தகைமைக்குப் புள்ளி உண்டு, ஆனால் ஆவணம் வேண்டும். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. பழைய பதிவேடு தங்களிடம் இல்லை என்றார்கள். நான் எறிந்ததைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் உயிரோடில்லை, மற்றவர்கள் வெளிநாட்டில். அப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிற பெரியம்மா, என் பெயர் வந்த பேப்பர்த் துண்டை வெட்டி சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்ததாகச் சொன்னா. மஞ்சளாகி, மடித்த இடத்தில் கிழிந்து, மூன்று வரி. முடிவுகள் மட்டும். அதில் என் பெயர் இருந்தது.

ஆனால் இனிஷல் பிழை. அந்த ஒரு எழுத்துக்காகக் கிராம அலுவலரிடம் கடிதம், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி, பழைய பயிற்றுவிப்பாளரைத் தேடிப் பிடித்து அவரிடம் ஒரு கடிதம் என்று ஒன்றரை மாதம் அலைந்தேன். கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறேன்.

அந்த நிருபர் யார் என்று எனக்குத் தெரியாது. மூன்று வரிக்கு அவருக்கு என்ன கிடைத்ததோ. எனக்கு அது சோறு போடுகிறது. அதே நேரம் இனிஷலைச் சரியாகக் கேட்டிருந்தால் அந்த ஒன்றரை மாதமும் மிஞ்சியிருக்கும். இரண்டையும் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

முகநூலைப் பற்றியும் ஒன்று. எங்கள் கழகத்தின் பக்கத்தை நடத்திய தம்பி வெளிநாடு போனார், கணக்கு முடங்கிவிட்டது. மூன்று வருடப் படங்களும் முடிவுகளும் அதோடு போய்விட்டன.


சைக்கிள் டைனமோ:

ஈட்டிப் பிள்ளை எழுதியதை வாசித்த பிறகு கனநேரம் எழுத முடியவில்லை.

எனக்கு வயது 58. ஒட்டுசுட்டான். 1996 மார்ச் 17, லாகூரில் கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதிப்போட்டி, இலங்கையும் அவுஸ்திரேலியாவும். அப்போது வன்னியில் மின்சாரம் கிடையாது. பற்றரி தடைப்பொருள், கிடைத்தாலும் வாங்கக் கட்டாது. சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, பின் சில்லுச் சுற்றுகிற மாதிரி வைத்து, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்திருந்தோம். ஒருவர் மிதிக்க வேண்டும், மற்றவர்கள் கேட்பார்கள். மிதி தளர்ந்தால் குரல் தேயும். அவுஸ்திரேலியா 241. அரவிந்த டி சில்வா ஆட வந்த பிறகு யாரும் இடம் மாற விடவில்லை, மாறினால் விக்கெட் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. நான் முக்கால் மணித்தியாலம் தொடர்ந்து மிதித்தேன், தொடை இறுகிவிட்டது. அவர் 107 ஓட்டம், ஆட்டமிழக்கவில்லை. ஏழு விக்கெட்டால் வெற்றி.

நான் அரவிந்தவின் ஒரு பந்தையும் கண்ணால் காணவில்லை. ஆனாலும் அந்த இன்னிங்ஸ் எனக்குள் படமாக இருக்கிறது. வர்ணனையாளர் ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்ததால் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து எங்கள் வளவில் கொட்டில் போட்டிருந்த குடும்பங்களும் அன்று இரவு பக்கத்தில் இருந்தன. அந்த நாட்களில் அப்படி ஒன்றாக இருந்து சந்தோஷப்பட எங்களுக்கு வேறு என்ன இருந்தது? அந்தத் தம்பியிடம் சொல்லுங்கள், பார்க்க முடியாதவனுக்குக் காட்டுகிற வேலை அது என்று.


கொழும்புப் பக்கம்:

புதுக்குடியிருப்பில் பிறந்து இப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்துக்கு உப ஆசிரியராக இருக்கிறேன். பரந்தன் அண்ணா சொன்ன நாலு வரியை வெட்டுகிற கை என்னைப் போன்றவர்களுடையதுதான், அதையும் ஒத்துக்கொள்கிறேன். இரவு 9 மணிக்கு விளம்பரம் வந்தால் எதை விடுவது என்று பார்க்கும்போது, விபரம் குறைந்த செய்திதான் முதலில் விழும். "விறுவிறுப்பான போட்டியில் வெற்றி பெற்றது" என்று மட்டும் இருந்தால் அதைக் காப்பாற்ற என்னால் முடியாது. "கடைசி ஆறு நிமிடம் பத்துப் பேருடன் ஆடி வென்றது" என்றிருந்தால் அதற்காக ஆசிரியரோடு சண்டை பிடிப்பேன்.

வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது, ஆனால் முன்பு போல ஒரு பேப்பரில் சேர்ந்து ஓய்வு பெறும் வழியாக இல்லை. கிரிக்இன்ஃபோ என்ற கிரிக்கெட் இணையத்தளத்தை எடுத்துப் பாருங்கள். 1993இல் அமெரிக்காவில் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் இருந்த சைமன் கிங் என்ற ஆய்வாளர் தொடங்கியது. உலகம் முழுவதும் இருந்த மாணவர்களும் ரசிகர்களும் காசு வாங்காமல் ஓட்ட விபரங்களைத் தட்டச்சுச் செய்து போட்டார்கள். 2007இல் அதை ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம் வாங்கியது. உங்கள் தம்பியின் சீ.ஆர். கொப்பிக்கும் அதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. இந்திய வர்ணனையாளர் ஹர்ஷா போக்லே இரசாயனப் பொறியியல் படித்தவர், பெரிய மட்டத்தில் கிரிக்கெட் ஆடியவர் இல்லை, இன்று அவருடைய குரல் தெரியாத கிரிக்கெட் ரசிகர் இருக்கிறாரா? எனவே பெரிய வீரனாக இல்லாதது ஒரு தடையே இல்லை.

படிப்பு: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் இருக்கிறது. கொழும்பில் இலங்கை இதழியல் கல்லூரி இருக்கிறது. எதில் படித்தாலும் சிங்களமும் ஆங்கிலமும் பழக வேண்டும், இதில் தயவுசெய்து விட்டுக்கொடுக்க வேண்டாம். தேசிய விளையாட்டுச் சங்கங்களின் செய்தியாளர் சந்திப்பில் கேள்வி கேட்கிற தமிழ் நிருபர்கள் மிகக் குறைவு. 2020இல் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்கு எங்கள் யாழ்ப்பாணத்துச் சுழற்பந்து வீச்சாளர் வியாஸ்காந்த் ஆட வந்தபோது, பிறகு 2024இல் ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்கு அவர் ஆடியபோது, அவருடைய ஊரையும் பள்ளிக்கூடத்தையும் தெரிந்து தமிழில் எழுதக்கூடியவருக்கு எவ்வளவு வேலை இருந்தது என்று நான் பார்த்தேன். மொழிபெயர்த்துப் போட்டவர்கள் பலர், அவருடைய வீட்டு வாசலில் நின்று எழுதக்கூடியவர்கள் சிலர்.

இன்னொன்று. முடிவு எழுதுவதோடு வேலை முடியாது. 2023 ஜனவரியில் ஃபீஃபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் மாதம்தான் தடை நீங்கியது. அந்த மாதங்களில் தேசிய அணி வெளியே போய் ஆட முடியவில்லை. அதே ஆண்டு நவம்பரில் சர்வதேசக் கிரிக்கெட் சபையான ஐசிசி, இலங்கைக் கிரிக்கெட் நிறுவனத்தை இடைநிறுத்தியது. முல்லைத்தீவில் பந்து உதைக்கிற ஒரு பெடியனுக்கு இதனால் என்ன நடக்கிறது என்று அவனுக்கு விளங்குகிற தமிழில் யார் எழுதுவது? ஆட்ட நிர்ணயத்தை, அதாவது காசுக்காக ஆட்டத்தின் முடிவை முன்கூட்டியே தீர்மானிப்பதைக் குற்றமாக்கி 2019ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் வந்தது, பத்து வருடம் வரை சிறை. கிராமத்துச் சுற்றுப்போட்டியில் பந்தயம் கட்ட வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதை எழுத, சட்டம் தெரிந்த, மைதானமும் தெரிந்த ஒருவர் வேண்டும்.


வலைப்பந்து ரீச்சர்:

நல்லது, எல்லோரும் எழுதியதை வாசித்தேன். பெண்பிள்ளைகளின் பக்கத்திலிருந்து சிலது சொல்ல வேண்டும்.

என் அணி கோட்ட மட்டத்தில் வென்றபோது ஒரு செய்தி வந்தது. பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், மாலை போட்டவர், தேநீர் உபசாரம் எல்லாம் இருந்தது. எத்தனைக்கு எத்தனை என்று இல்லை. ஏழு பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் பெயரும் இல்லை. அந்தப் பேப்பரை நோட்டீஸ் போர்ட்டில் ஒட்டினேன், பிள்ளைகள் வந்து விரலால் வரி வரியாகத் தேடிவிட்டுப் போனார்கள். ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றி எழுதியவர்களில் எத்தனையோ பேர் உயரத்தோடு நிறுத்திவிட்டார்கள். உயரமானவர் எல்லோரும் கோல் போட முடியுமா? வட்டத்துக்குள் அவர் நிற்கிற இடம், பந்தை வாங்கும்போது கால் வைக்கிற விதம், இரண்டு பேர் மறிக்கும்போது காட்டுகிற பொறுமை, இதையெல்லாம் தமிழில் எழுதியிருந்தால் நான் அதை வெட்டி வைத்து என் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருப்பேன். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றி விளையாட்டாக எழுதிய ஒரு தமிழ்க் கட்டுரை தேடி அலைந்திருக்கிறேன்.

எங்கள் முல்லைத்தீவைப் பாருங்கள். 2022 ஜனவரியில் கணேஷ் இந்துகாதேவி பாகிஸ்தானில் சவாட் என்ற உதைக் குத்துச்சண்டையில் தங்கம் எடுத்தார். தங்கம் எடுத்த பிறகுதான் அவருடைய பெயரை நான் முதன்முதலாக வாசித்தேன். பக்கத்து ஊரில் இருந்துகொண்டு எனக்கே தெரியவில்லை. 2023இல் முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மா 72 வயதில் பிலிப்பைன்ஸில் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்குப் போய்த் தங்கம் எடுத்து வந்தா. அதைப் பேப்பரில் வாசித்துவிட்டு என் மாமியார் மறுநாள் காலை வீதியால் நடக்கத் தொடங்கினா. இன்றும் நடக்கிறா. வெல்லுவதற்கு முதலே, பழகுகிற காலத்திலேயே எழுதுகிற ஒருவர் எங்களுக்கு வேண்டும்.

கடைசியாக, எழுதச் சங்கடமான ஒன்று. அமெரிக்காவில் ஜிம்னாஸ்டிக் பிள்ளைகளுக்கு லாரி நாசர் என்ற வைத்தியர் எத்தனையோ வருடம் செய்த கொடுமையை 2016இல் வெளியே கொண்டுவந்தது இண்டியனாபொலிஸ் ஸ்டார் என்ற ஒரு நகரத்துப் பத்திரிகை. பெரிய தேசியப் பத்திரிகை இல்லை. பாதிக்கப்பட்ட ஒரு பெண் சொல்வதைக் கேட்க ஒருவர் இருந்தார், கேட்டதைச் சரிபார்த்து எழுதினார். எங்கள் பிள்ளைகளும் பயிற்சிக்கும் போட்டிக்கும் வீட்டை விட்டுத் தூரம் போகிறார்கள். அவர்களிடம் மரியாதையாகப் பேசத் தெரிந்த, அவர்கள் விரும்பாத படத்தைப் போடாத ஒரு தம்பி இந்த வேலைக்கு வந்தால் நான் கும்பிட்டு வரவேற்பேன். தங்கச்சிமார் வந்தால் இன்னும் நல்லது.


கணக்குச் சேர்:

ஈட்டி அக்காவின் பதிலுக்குப் பிறகு "யாருக்காக" என்ற கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவேயில்லை. எங்கள் பாடசாலைப் பதிவேடுகளும் 2009இல் போனவைதான், பழைய சாதனைப் பட்டியலை இன்னும் ஞாபகத்திலிருந்துதான் எழுதுகிறோம். ஒருவர் ஒரு தூரம் சொல்லுவார், இன்னொருவர் வேறு சொல்லுவார்.

ஆனால் வருமானக் கேள்வி அப்படியே நிற்கிறது. கடை இல்லாத, வயல் மட்டும் இருக்கிற வீட்டுப் பிள்ளை எப்படித் தொடங்குவது?


பரந்தன் நிருபர்:

சேர், நியாயமான கேள்வி. என் மனதில் உள்ளது இது: கல்வியியல் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ கிடைத்தால் போகட்டும். போய்க்கொண்டே எழுதட்டும். ஆசிரியராக இருந்துகொண்டு சனி ஞாயிறு மைதானத்துக்குப் போகிறவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள், நல்லாகவே எழுதுகிறார்கள். மூன்று நாலு வருடம் எழுதினால் கையில் ஒரு கட்டு இருக்கும், அதைக் காட்டித்தான் கொழும்பிலோ இணையத்தளத்திலோ முழுநேர வேலை கேட்க முடியும். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வெறும் வயிற்றோடு எழுதுகிறவனுக்குக் கழகத் தலைவர் கொடுக்கிற கொத்துரொட்டியும் பெற்றோல் காசும் பெரிதாகத் தெரியும், பிறகு அந்தக் கழகத்தைப் பற்றி அவன் எப்படி நேர்மையாக எழுதுவான்? சொந்த வருமானம் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது அதற்காகவும்தான்.

ஒரு விஷயம். எங்கள் பக்கத்தில் ஒரு மைதானம், பெயர் வேண்டாம். திருத்தவென்று பணம் ஒதுக்கியதாகப் பலகை நட்டார்கள். இரண்டு மழை போனது, ஒரு லோட் கிரவல் பறித்ததோடு சரி. பெடியள் அந்தக் கிரவல் குவியலைச் சுற்றித்தான் பந்து விளையாடினார்கள், ஒருவனுக்கு முழங்கால் கிழிந்து ஏழு தையல். நான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன்: ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, ஒப்பந்தம் யாருக்கு. 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். கூப்பிட்டுக் கதைத்தார்கள், "தம்பி ஏன் இதெல்லாம்" என்றார்கள். நான் எழுத்தில் தாருங்கள் என்று மட்டும் சொன்னேன். தந்தார்கள். அதை அப்படியே செய்தியாக்கினேன், ஒரு சொல் கூட்டவில்லை. அடுத்த மாதம் ரோலர் வந்தது. இன்று அந்த மைதானத்தில் பெண்பிள்ளைகளும் மாலையில் ஓடுகிறார்கள். அந்தச் செய்திக்கு எனக்குக் கிடைத்தது சில நூறு ரூபா.


மல்லாவி அக்கா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளாக அப்பாவுக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். பரந்தன் அண்ணாவின் சம்பள விபரத்தைக் கேட்டுத் தலையை ஆட்டினார், "நான் சொன்னேன்தானே" என்ற மாதிரி. ஈட்டி அக்காவின் கதை வந்தபோது வாசிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றார். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, நல்ல கரப்பந்தாட்டக்காரர். இப்போது இல்லை. அவர் விளையாடிய ஒரு படமோ ஒரு வரியோ எங்களிடம் இல்லை. அப்பா திரும்பி வந்து தம்பியிடம், "சித்தப்பா எந்த இடத்தில நிண்டு விளையாடினவர் எண்டு நான் சொல்லுறன், எழுதி வை" என்றார். தம்பி புதிய கொப்பி ஒன்றை எடுத்தான்.

கல்வியியல் கல்லூரி விண்ணப்பமும் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகள் அவனுக்கு என்று பேசி முடித்திருக்கிறோம். அவன் இங்கே கணக்குத் திறந்துவிட்டான், இனி அவனே எழுதுவான்.


கொப்பிக்காரன்:

வணக்கம். அக்காவின் தம்பி நான். எல்லோருடைய பதிலையும் மூன்று தரம் வாசித்தேன். நேற்று நடந்த இறுதிப்போட்டியை எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

"நேற்று மாலை நடைபெற்ற உதைபந்தாட்ட இறுதிப்போட்டியில் எங்கள் ஊர்க் கழகம் 2 இற்கு 1 என்ற கணக்கில் வெற்றி பெற்றது. முதற்பாதி கோல் எதுவுமின்றி முடிந்தது. 52ஆவது நிமிடத்தில் எதிரணியின் 10ஆம் இலக்க வீரர் தலையால் முட்டி முதல் கோலைப் போட்டார். 61ஆவது நிமிடத்தில் எங்கள் 7ஆம் இலக்க வீரர் இடது பக்கத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே சென்றது. 78ஆவது நிமிடத்தில் அதே வீரர் இரண்டாவது கோலையும் போட்டார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் எதிரணிக்குக் கிடைத்த பெனால்ட்டி உதையை எங்கள் கோல்காப்பாளர் வலது பக்கம் பாய்ந்து தடுத்தார். பந்து உதைக்கப்படுமுன்னரே அவர் பாய்ந்துவிட்டார். முன்னைய போட்டியில் அந்தப் பெனால்ட்டியை உதைத்த வீரர் அதே பக்கம் உதைத்ததைத் தான் பார்த்திருந்ததாக அவர் பின்னர் கூறினார்."


கொழும்புப் பக்கம்:

தம்பி, கடைசி இரண்டு வசனமும் அருமை. போட்டி முடிந்து எல்லோரும் ஆடிக்கொண்டிருக்கும்போது நீர் போய்க் கோல்காப்பாளரிடம் கேட்டிருக்கிறீர். அதைச் சொல்லித்தந்து வராது. அதை மேலே கொண்டு வாரும், முதல் பந்தியே அதுதான். "எங்கள்" என்ற சொல்லை எடுத்துவிடும், எழுதும்போது நீர் ஒரு கழகத்துக்கும் சொந்தமில்லை. எதிரணிக்காரரும் அந்தப் பேப்பரைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்கள்.


ஈட்டி:

தம்பி, 7ஆம் இலக்க வீரருக்குப் பெயர் இல்லையா? கோல்காப்பாளருக்கு?


கொப்பிக்காரன்:

இருக்கிறது அக்கா. இங்கே பொது இடம் என்பதால் போடவில்லை, கேட்டுவிட்டுப் போடுவோம் என்று நினைத்தேன். பரந்தன் அண்ணாவுக்கு அனுப்பிய செய்தியில் இரண்டு அணியிலும் ஆடிய 22 பேரின் பெயரும், மாற்றாக வந்த ஐந்து பேரின் பெயரும் இருக்கிறது. இனிஷலை ஒவ்வொருவரிடமும் போய் அவர்களையே என் கொப்பியில் எழுதச் சொன்னேன். எதிரணிக் கோல்காப்பாளர் மட்டும் தோற்ற கவலையில் முதலே போய்விட்டார். இன்று காலை சைக்கிளில் அவருடைய வீட்டுக்குப் போனேன், வயலுக்குப் போய்விட்டார் என்று அவருடைய அம்மா சொன்னா. பெயரை அம்மாவே எழுதித் தந்தா. எந்தப் பேப்பரில் எந்த நாள் வரும் என்று கேட்டா, செவ்வாய்க்கிழமை பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அண்ணா, செவ்வாய் வந்துவிடும்தானே?


பரந்தன் நிருபர்:

அனுப்பிவிட்டேன் தம்பி, 27 பெயரோடும். இடம் காணாது என்று வெட்டப் பார்த்தால் கொழும்புத் தம்பி, நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.


கொழும்புப் பக்கம்:

அது எங்கள் பேப்பருக்கு வந்திருந்தால் இன்றிரவு நான்தான் பக்கத்தில் இருக்கிறேன் அண்ணா. விளம்பரம் வந்தால் என் படம் போட்ட கிரிக்கெட் பத்தியைத் தூக்கிவிடுகிறேன்.